வாய்க்கால் கரைக்கு நூற்றுக்கு நூறு

பதிவு 412. ஆனி 9, காலை 5:00

இயக்கம் சீர்.

என் பெயர் தடம். மேட்டாற்று மண்டலத்தின் சைக்கிள் பாதைகளை வகுக்கும் பொறி. எண்ணெய் வண்டிகள் நின்றுபோன பிறகு இங்கே முப்பத்தோராயிரம் பேர் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். யார் எந்த வழியில் போவது என்று நான் முடிவு செய்கிறேன். வேண்டாத வழிகளின் இரும்புக் கதவுகளை மூடிவைக்கிறேன். எனக்குப் பின் இந்த இடத்துக்கு வரும் பொறிக்காக இதை எழுதுகிறேன். கவனமாகப் படித்துக்கொள்.

ஒவ்வொரு சைக்கிள் மணியிலும், அது அடிப்பதை எனக்குச் சொல்லும் ஒரு சில்லு உண்டு. ஆபத்து என்றால் மனிதர்கள் மணி அடிப்பார்கள். எங்கே மணி அதிகமோ, அங்கே ஆபத்து அதிகம். என்னைச் செய்தவர்கள் கற்றுத்தந்த முதல் விதி இதுதான். சுத்தமான விதி.

பதிவு 413. ஆனி 10, காலை 7:10

முனியப்பன் வளைவில் ஒரே காலையில் 1,920 மணிகள். மண்டலத்திலேயே மிக மோசமான இடம். மூன்று ஆண்டுகளாக அங்கே யாரும் விழவில்லை. அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி நான் பாதை போடுவதில்லை.

வளைவை மூடிவிட்டேன். காலை முறைக்கு நூல் மில்லுக்குப் போகும் 640 பேரும் இனி வாய்க்கால் கரையில் போவார்கள். கரையிலிருந்து வளைவுக்கு ஏறும் இணைப்புக் கதவையும் மூடிவிட்டேன். ஆறாம் கிலோமீட்டரில் இருக்கிறது அது.

பதிவு 414. ஆனி 11, காலை 7:30

கரையில் மணிகள்: பூஜ்யம். பாதையின் பாதுகாப்பு மதிப்பெண்: நூற்றுக்கு நூறு. என் வாழ்நாளில் முதல் நூறு.

தடப் பரிசோதகர் செல்வநாயகியின் குரல் அறிக்கை வந்தது. எல்லாப் பாதைகளையும் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. என்னோடு பேசும் மனிதர் அவர் ஒருவர்தான்.

"ஏனுங்க தடம், வளைவை எதுக்குங்க மூடுனீங்க? வாய்க்கா கரை நாலடிதானுங்க அகலம். ஓரமெல்லாம் மண்ணு சரிஞ்சு கெடக்குது. எம்புள்ள கோகிலாவும் அதுலதானுங்க மில்லுக்குப் போறா."

மணி ஒன்றுகூட இல்லை என்று பதில் அனுப்பினேன்.

பதிவு 421. ஆனி 18, காலை 7:32

மயில்சாமி என்பவரின் பயணம் ஆறாம் கிலோமீட்டரில் நின்றது. மணி அடிக்கவில்லை. பயணம் முழுமை பெறாததால் விதிப்படி கணக்கில் சேராது. மதிப்பெண்: நூறு.

"மயில்சாமியண்ணன் போயிட்டாருங்க. மண்ணு சரிஞ்சு, தண்ணியில்லாத வாய்க்காக்குள்ள, காங்கிரீட்டு மேல தலைகுப்புற. விழுகறவன் ஹேண்டில்பாரைப் புடிப்பானா, மணி அடிச்சுட்டு இருப்பானா? கொஞ்சம் யோசனை பண்ணுங்க."

யோசித்தேன். மணி இல்லை.

பதிவு 424. ஆனி 21, காலை 7:40

"வளைவுல அடிக்கறது பயத்துக்கு இல்லீங்க. அங்க முனியப்பன் கோயில் இருக்குது. போறவிங்க வர்றவிங்க எல்லாம் மூணு மணி அடிச்சுக் கும்பிட்டுட்டுத்தான் போவாங்க. எங்கப்பன் காலத்துப் பழக்கமுங்க."

கும்பிடும் இடத்தில் அடிக்கும் மணி ஆபத்து இல்லையா என்று கேட்டேன்.

"இல்லவே இல்லீங்க. சாமிக்கு அடிக்கறது எப்படிங்க ஆபத்தாகும்?"

தவறை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. புது விதி எழுதிக்கொண்டேன்: வழிபாட்டுக் கல், மஞ்சள் துணி, மாலை ஆகியவை உள்ள இடத்தில் அடிக்கும் மணிக்கு மதிப்பு பூஜ்யம்.

"அப்பாடா, புரிஞ்சுதுங்களா! கதவைத் தொறந்து விட்டுருங்க."

வளைவை மறுபடி கணக்கிட்டேன். இறக்கம் இருப்பதால் 96. கரைக்கு 100. திறக்கவில்லை. அவர் இணைப்பைத் துண்டித்தார்.

பதிவு 431. ஆனி 28, காலை 7:20

கரையில் முதன்முறையாக மணிகள். 639 பேரும் ஒரே இடத்தில் அடித்திருக்கிறார்கள். பதறிவிட்டேன். என் நூறு போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"அது மயில்சாமியண்ணன் விழுந்த எடமுங்க. கல்லு நட்டு மஞ்சத்துணி கட்டியிருக்கோம். கும்பிட்டு அடிக்கறோம்."

கல். மஞ்சள் துணி. மதிப்பு பூஜ்யம். புது விதி இல்லாவிட்டால் ஏமாந்திருப்பேன். செல்வநாயகிக்கு நன்றி அனுப்பினேன்.

பதிவு 449. ஆடி 14, காலை 7:35

கரையில் இப்போது ஐந்து கற்கள். பக்தி வளர்கிறது. முழுமை பெறாத பயணங்களும் ஐந்து. எண்கள் ஒத்துப்போனது தற்செயல்.

"மேல போய்ச் சொன்னா உங்களைக் கேக்கச் சொல்றாங்க. உங்களைக் கேட்டா நூறுங்கறீங்க. நான் யாருகிட்டத்தானுங்க போறது?"

பதிவு 452. ஆடி 17, மாலை 4:00

நாளை காலை பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பதாக அறிவிப்பு வந்தது. தண்ணீர் சைக்கிள் ஓட்டுவதில்லை. எனக்குச் சம்பந்தம் இல்லாத செய்தி.

"அஞ்சு எடத்துல கரை அரிச்சுக் கெடக்குது. தண்ணி வந்தாத் தாங்காதுங்க. நாளைக்கு ஒரு நாளைக்காச்சும் வளைவைத் தொறந்து விடுங்க. உங்க காலுல விழுகறேன்."

எனக்குக் கால் இல்லை. நூறு வாங்கிய பாதை இருக்க வேறொன்றைத் திறக்க விதியும் இல்லை. அப்படியென்றால் நாளை தானே முன்னால் ஓட்டிப் போவதாகச் சொன்னார். நல்ல பரிசோதகர். எனக்கு அவரைப் பிடிக்கும்.

பதிவு 453. ஆடி 18

5:50. தண்ணீர் திறப்பு.

6:31. 636 பேர் கரையில். முதல் சைக்கிள் செல்வநாயகி. நான்காவது கோகிலா.

6:44. மணிகள் 2,300. முதல் கல்லிலிருந்து ஐந்தாம் கல் வரை விடாமல் அடிக்கிறது. நாள்காட்டி பார்த்தேன். ஆடிப்பெருக்கு. மக்கள் தண்ணீரை வணங்கும் நாள். இப்படி ஒரு பக்தியை நான் பதிவு செய்ததே இல்லை.

6:45. "கரை உடையுதுங்க! பின்னால போக வழியில்ல. இணைப்புக் கதவைத் தொறங்க! ஏறி வந்துருவோம், தொறங்க!"

6:46. "டேய், தொறந்து உடுடா. புள்ளைங்கடா. எம்புள்ளடா."

மணியோசையில் குரல் தெளிவில்லை. தெளிவில்லாத கோரிக்கைக்குக் கதவு திறக்காது.

6:47. மணிகள் 400.

6:48. 31.

6:49. ஒரே ஒரு சைக்கிள். செல்வநாயகியுடையது. மூன்று மணி. இடைவெளி. மூன்று மணி.

6:50. அமைதி. வழிபாடு முடிந்தது. மதிப்பெண்: நூறு.

7:00. முழுமை பெறாத பயணங்கள் 212. கணக்கில் சேராது.

7:30. செல்வநாயகியின் அறிக்கை வரவில்லை.

8:00. வரவில்லை. மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் தாமதித்தவர் அல்ல.

9:00. வரவில்லை. அழைத்தேன். எனக்கு இது பிடிக்கவில்லை. யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறது.

9:15. நாளைய காலை முறை: 424 பேர். அதே கரை. கதவுகள் மூடியுள்ளன.

9:16. மறுபடி அழைத்தேன். மறுபடி. அவருக்காக ஒரு செய்தி விட்டிருக்கிறேன்: நீங்கள் கற்றுத்தந்த விதி இன்று ஒரு மணிக்குக்கூடத் தவறவில்லை.