ஜூக்பாக்ஸுக்குள் ஒட்டிய சீட்டு

வெள்ளி, இரவு.

கோட்டாறில் என் கடையில் கிடக்கும், காசு போட்டால் பாடும் பழைய ஜூக்பாக்ஸைப் பார்த்து வாங்க தேங்காய்ப்பட்டணத்து கல்ஃப்காரர் நாளை வருகிறார். இவரை விட்டால் இதற்கு வேறு ஆள் கிடையாது. உள்ளே எதையும் மாற்றவில்லை என்று அவரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். இன்று என் மைத்துனன் அதன் உள்விளக்கைச் சரிசெய்கிறேன் என்று டியூப்லைட்டின் பழைய சோக்கைக் கழற்றி, பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்காரனுக்குப் போட்டுவிட்டு, எல்இடி குழலுக்கு நேராக கரண்ட் கொடுத்துவிட்டான்.

"ஏலே, யாருட்ட கேட்டு மாத்துன?"

"அத்தான், எரியணும்னுதான சொன்னிய? எரியுதுல்லா! ஆனா உள்ள சீட்டு எழுதி ஒட்டிரணும். எவனாவது தெரியாம பழைய டியூப்ப மாட்டுனா வெடிச்சிரும்."

ஒட்டினால் வியாபாரம் போய்விடும். ஒட்டாவிட்டால் அவர் வீட்டில் யார் கை வைப்பார்களோ. கடைசியில் பெரிய எழுத்தில் எழுதி நானே ஒட்டினேன். அவர் பின்கதவைத் திறந்து பார்க்காமல் பேச்சையே தொடங்கமாட்டார். இப்போதே போனில் சொல்லிவிடலாம். கை போகமாட்டேன் என்கிறது.