அப்பா கடைசியாகத் தீட்டிய கத்தி

ஜங்லிகாட்,
புரட்டாசி, வியாழக்கிழமை

அன்புள்ள மகன் ஹரிஹரனுக்கு அம்மா எழுதுவது. கார் நிக்கோபாரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல் உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பி இருக்கிறேன். இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், இந்தக் கடிதத்தில் பொய் எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். உன் ஆபீஸ் முருகையா லீவு முடிந்து நாளைக்குக் கப்பல் ஏறுகிறான், அவன் கையில் இதையும் ஒரு பாட்டில் மீன் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் லைன் போய்விடும், போகாவிட்டால் நான் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீ விடுங்கம்மா விடுங்கம்மா என்று சொல்லி முழுசாகக் கேட்கமாட்டாய். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், இரண்டு தரம் படி.

இங்கே மழை விட்டபாடில்லை. அடுப்படிக்கு மேலே தகரம் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். அப்பா போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. துக்க வீடு, இந்த வருஷம் நமக்கு ஆயுத பூஜை கிடையாது. அந்தப் பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா வீட்டில் உள்ள கத்தி, அரிவாள்மனை, என் கத்தரிக்கோல் வரை பின்வாசலில் பரப்பிக்கொண்டு உட்காருவாரே, அதை நினைத்தால் பின்வாசல் பக்கம் போகவே முடியவில்லை. சாத்தம் மரமில்லில் முப்பது வருஷம் ரம்பத்துக்குப் பல் தீட்டின கை. மில்லில் தீட்டிவிட்டு வந்து வீட்டிலும் தீட்டுவீர்களா என்று நான் கேலி பண்ணுவேன். அங்க தீட்டுறது கவர்மெண்டுக்கு, இங்க தீட்டுறது என் சோத்துக்கு என்பார். பழைய ரம்பத் துண்டில் அவரே செய்து மரப்பிடி போட்ட கத்தி இருக்கிறதே, சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தீட்டிக் கொடுத்தார், சூரை மீன் அறுத்தேன். புதன்கிழமை அவர் இல்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றிப் பக்கத்தில் இரும்பு வைக்க வேண்டும் என்று கேட்டார்கள், நான்தான் அந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். நீயும் பார்த்தாய். பதினாறாம் நாள் வரை விளக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நீ கப்பல் ஏறிப் போன பிறகு அதை அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். தக்காளியில் வைத்தவுடன் அது பாட்டுக்கு இறங்கியது. அவர் கை இன்னும் அதில் இருக்கிறது என்று என் புத்திக்குப் பட்டுவிட்டது, தம்பி. அன்றைக்கே மருமகள் சங்கவியிடம் சொல்லிவிட்டேன், இந்தக் கத்தியை இனி யாரும் கல்லில் வைக்கக் கூடாது என்று. தீட்டினால் அவர் வைத்த கூர் தேய்ந்து போய்விடும் அல்லவா. இப்படி ஒரு முட்டாள்தனத்தை உலகத்தில் யாராவது செய்வார்களா, நான் செய்தேன்.

உபயோகிக்கிற கத்தி மழுங்காமல் இருக்குமா. ஆனி பிறந்தபோதே தக்காளி நசுங்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பிள்ளை பொறுமையாகத்தான் கேட்டது. அத்தை, பீங்கான் கப்பக் கவுத்து அதோட அடியில ரெண்டு இழுப்பு இழுத்துர்றேன், ஒன்னும் ஆகாது என்றாள். நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். உங்க மாமா வச்ச கூர அழிக்கணும்னா என்னையும் சேத்துக் கல்லுல தேச்சிரு என்றேன். தெருவில் சாணை பிடிக்கிறவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாக்கு தேஜ், சாக்கு தேஜ் என்று இந்தியில் கூவிக்கொண்டு வந்தான், வாசலில் நின்று விரட்டினேன். அவள் மார்க்கெட்டில் புதுக் கத்தி ஒன்று வாங்கி வந்தாள், அதைப் பீரோ மேலே தூக்கிப் போட்டு, இந்த வீட்டுக்கு இனிமே புதுசா எதுவும் வேணாம் என்றேன்.  மழுங்கின கத்தியை வைத்து, அழுத்தி அழுத்தி, அவள் தினமும் இந்த வீட்டு மருமகளாக அந்த அடுப்படியில் நின்றாள்.

ஆவணி கடைசியில் ஒருநாள் பரங்கிக்காய் நறுக்கினாள். தோல் கெட்டி, கத்தி இறங்கவில்லை, ஒரு கையால் காயைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு போய் இடது கையில் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் அறுத்துவிட்டது. நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். ரத்தத்தை அமுக்கத் துணி எடுப்பதற்கு முன்னால், கத்தி கீழே விழுந்ததே, முனை உடைந்திருக்குமோ என்று கத்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க முடியாது. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர், மழுங்குன கத்தியா என்று முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். கூர்க் கத்தின்னா பலம் குடுக்க வேணாம், நழுவாது, நழுவுனாலும் சுத்தமா அறுக்கும், இது நரம்பக் கிழிச்சிருக்கு என்றார். நடு விரல் மடங்குகிறது. ஆள்காட்டி விரல் மடங்கவில்லை. மெயின்லேண்டில் காட்டினால் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். தையல் மெஷினில் துணியை நகர்த்துகிற கை அது. யாரோ கொடுத்த ஜாக்கெட் பாதி தைத்தபடி இன்னும் ஊசிக்குக் கீழேயே இருக்கிறது, நான் எடுக்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய். எப்படி வெட்டியது என்று என்னிடம் கேட்டாய். போனைப் பார்த்துக்கொண்டே நறுக்கினாள், கவனம் இல்லை என்று சொன்னேன். தம்பி, அது பொய். அவள் போன் மெஷின் மேசையில் கிடந்தது. என் வாயில் அந்தப் பொய் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது, நீ என்னைக் கோபித்துக்கொள்வாய் என்ற பயம்தான். நீ போனை அவளிடம் கொடுக்கச் சொல்லிக் கத்தினாய், வீட்டுல சும்மா இருக்குறவளுக்கு ஒரு காய் நறுக்கத் தெரியாதா என்றாய், எனக்கே கேட்டது. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் என்னையே பார்த்தபடி, சரிங்க, தப்புதாங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காட்டிக் கொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்துப் பம்பூஃப்ளாட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளா போனா, அவளா வரட்டும் என்று நீ சொன்னாய், நானும் சரி என்றேன். இருபத்திரண்டு நாளாக நீ அவளிடம் பேசவில்லை, எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு அங்கம்மா வந்தாள். நான் வெங்காயத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, அக்கா, மாமா வச்ச கூரு அன்னைக்கே சங்கவி விரலோட போயிருச்சு, இன்னும் எதைக் காவல் காக்குற என்று கேட்டாள். அவளுக்கு வாய் அதிகம், உனக்கும் தெரியும்.  அவள் போன பிறகு அப்பாவின் கல்லை எடுத்து, குமிழி அடங்குகிற வரை தண்ணீரில் போட்டு வைத்தேன். அவர் செய்வதை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் செய்ததில்லை. கத்தியின் முதுகு கல்லில் இருந்து சுண்டுவிரல் நுனி உயரம் தூக்கி நிற்க வேண்டும், அந்தச் சரிவு மாறக் கூடாது என்பார். எனக்கு மாறிக்கொண்டே போனது, அலகெல்லாம் கீறல். இந்தப் பக்கம் எத்தனை இழுப்போ அந்தப் பக்கமும் அத்தனை. கல்லில் கறுப்பாக ஊறியது. அவர் கூர்தான் கரைந்து போகிறது என்று நினைத்தபோது கை நின்றுவிட்டது, சங்கவி விரலை நினைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தேன். பிசிர் விரலுக்குத் தட்டியதும் கல்லைப் புரட்டி நைசுப் பக்கத்தில் இழுத்து, அவர் பழைய பெல்ட்டில் துடைத்தேன். அவர் கூர் இல்லை தம்பி, கோணல் கூர். ஆனால் வெட்டுகிறது.

நேற்றுச் சாத்தம் ஜெட்டியில் போட் ஏறி பம்பூஃப்ளாட் போனேன். சம்பந்தியம்மா உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, நியாயம்தான். சங்கவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கத்தியைத் தீட்டிவிட்டேன், உன் புதுக் கத்தியையும் இறக்கி வைத்துவிட்டேன், வா என்று கூப்பிட்டேன். அவள் ஒரு பந்தை வைத்துக்கொண்டு விரலை மடக்கிப் பழகிக்கொண்டு இருந்தாள். அது மடங்கவில்லை. கத்திக்காகவோ உங்களுக்காகவோ நான் இங்க வரல அத்தை, உங்களுக்கு மாமா போன துக்கம் என்றாள். பிறகு, எப்படி வெட்டுச்சுன்னு அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே என்றாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பும்போது போட்டில் ஒரே கூட்டம், நின்றுகொண்டே வந்தேன்.

உன் ரூமில் இருக்கிற கத்தி மழுங்கிவிட்டது என்று முன்பு சொன்னாயே, அதை அழுத்தி நறுக்காதே. பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் சொரசொரப்பாக இருக்கிற வளையத்தில் இரண்டு பக்கமும் சமமாக இழு. தட்டில் வைத்து வெட்டாதே, பலகையில் வெட்டு. உப்புக் காற்று, கழுவியவுடன் துடைத்துத் துளி தேங்காய் எண்ணெய் தடவு. மழுங்கட்டும் என்று எதையும் விட்டுவிடாதே.

உனக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன், அவளுக்குக் கொடுத்த திட்டையும் எனக்கே கொடு. நீயும் அவளும் நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும் என்று அப்பா சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்கிறேன். முருகையாவிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடு. கடிதத்தைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, அவளுக்குப் பண்ணு. அம்மா எல்லாம் எழுதிவிட்டாள் என்று ஆரம்பிக்காதே. எப்படி வெட்டியது என்று கேள், அவள் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசாமல் இரு.

இப்படிக்கு
உன் அம்மா
ரெங்கம்மா