கவிதா நடிச்ச எங்கம்மா

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாடக வகுப்புல தெரிஞ்ச ஒருத்தர நடிச்சுக் காட்டணும். நான் அம்மாவ நடிச்சேன். முதுக வளச்சு இருமினேன். "யாரும்மா இந்தக் கிழவி?"ன்னாரு சார். எங்கம்மான்னு சொல்லாமலே வந்து உக்காந்துட்டேன்.

அடுத்து கவிதா. போன வாரம் செஞ்சிக் கோட்டை பாக்க வந்து எங்க வீட்ல சாப்ட்டவ. என்னைக் காட்டி, "இவங்க அம்மா சார்"னு ஆரம்பிச்சா. மல்லாட்டைத் தோல உரிச்சுக் கடலைய முறத்துல போட்டுக்கிட்டே போன்ல எங்கண்ணன்கிட்ட, "சரிப்பா, வெச்சிடறேன்"னு சொல்றா, சொல்றா, வெக்கவே மாட்றா. எல்லாரும் கைதட்டினாங்க. சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஒரு வேளை சோறு தின்னவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. பத்திக்கிட்டு வருது.

இப்ப பக்கத்து ரூம்ல அம்மா அண்ணன்கிட்ட பேசுது. "சரிப்பா, வெச்சிடறேன்"ங்குது. இன்னும் வெக்கல.

எனக்குக் கவிதா மூஞ்சிதான் தெரியுது.