கழற்றாத மாலை

தை 5

காலையில் பனி. மற்றவர்களுக்கு லேசாகக் குளிர்ந்தால் எனக்கு எலும்புக்குள் குளிர்கிறது. கம்பளி மப்ளர் சுற்றிக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து தி. நகர் ஜவுளிக்கடைக்கு பஸ். சேலை விரித்துக் காட்டும் வேலை. கை கனக்கிறது.

சபரிமலை போய் வந்து இரண்டு நாள். குருசாமி எல்லோருக்கும் மாலை கழற்றினார். என் முறை வந்ததும், "பழனிக்கும் வேண்டுதல் இருக்கு சாமி" என்று முருகன் மாலை ஒன்று போட்டுக்கொண்டேன். வேண்டுதல் ஏதுமில்லை. மாலை போட்டவன் தனியாகப் படுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குத்தான். ஒரு வருஷமாக உடம்பு எழும்பவில்லை. ஆசையும் இல்லை. வயது முப்பத்தைந்து.

மனைவி பார்வதி சோறு வைத்துக்கொண்டே: "அடுத்தாப்புல எந்த மலைக்குப் போறிய?"

தை 7

கடையில் என்னோடு நிற்கும் தனபால், சைதாப்பேட்டைக்காரன். "இன்னா சாமி, மூஞ்சி உப்பிக்கினே போவுது? எல்லாம் அருளு!" என்று காலில் விழுந்தான். அவன் குழந்தைக்கு நான்தான் பேர் வைக்கணுமாம். அந்தக் குளிரிலும் காது சுட்டது.

தை 9

டாக்டரம்மா ஒருவர் பட்டு வாங்க வந்தார். பத்துப் புடவை விரித்தேன். அவர் புடவையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"இந்தக் கூட்டத்துல எங்களுக்கெல்லாம் வேர்க்கறது. நீங்க மட்டும் ஏன் மப்ளர் சுத்திண்டிருக்கேள்? குரல் எப்பவுமே இப்படிக் கரகரன்னா?"

"முன்னாடி கணீர்னு இருக்கும்மா."

நிஜம். ஒரு தடவை கடை வாசலில் நின்று நான் போட்ட குரலில் ஊர்வலத்துக் கல்யாண மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தான். அது பெரிய கதை.

மலச்சிக்கல் உண்டா, மறதி உண்டா, தோல் வறட்சியா? எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஜோசியம் மாதிரி இருந்தது. க்ளினிக் வரச் சொன்னார். அரக்கு பார்டர் ஒன்று எடுத்துக்கொண்டு போனார்.

தை 11

அடையாறு க்ளினிக். டாக்டரம்மா சொன்னபடி நாற்காலியில் மண்டியிட்டேன். குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. பாதம் சட்டென்று போனது. திரும்பி வர அதற்கு அவசரமே இல்லை. நர்ஸுக்கும் தட்டிக் காட்டினார். அவள் பாதம் போன வேகத்திலேயே வந்தது. என் காலை நானே கழுத்தைத் திருப்பி வேடிக்கை பார்த்தேன்.

"ஆத்துக்காரியோட சேர்ந்திருக்க முடியறதா?"

"மாலை போட்டிருக்கேன்மா."

"மாலையைக் கேக்கலை. அதுக்கு முன்னாடி?"

லாட்ஜ் வைத்தியரிடம் இரண்டு டப்பா லேகியம் வாங்கித் தின்றவன் நான். அவர் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த அம்மாவுக்குக் காலைத் தட்டியே தெரிந்துவிட்டது.

"கழுத்துல ஒரு சின்ன சுரப்பி, தைராய்டுன்னு பேரு. அது மந்தமாச்சுன்னா எல்லாமே மந்தம். வயிறு, குரல், மனசு, ஆசை. அதுவும்தான். ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன்."

தை 22

ரத்தத்தில் தெரிந்துவிட்டது. அதேதான். மாத்திரை கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. காலையில் வெறும் வயிற்றில் பாதி.

"ஆயுசுக்கும் சாப்பிடணும். பெரும்பாலும் சரியாயிடும், மாசக்கணக்காகும். சத்தியம் பண்ணித் தர மாட்டேன். ஆத்துல சொல்லிட்டேளா?"

இல்லை.

வீட்டுக்கு வந்தால் பார்வதி டிரங்குப் பெட்டியில் துணி அடுக்குகிறாள். "பூசத்துக்கு நீங்க பழனிக்குப் போங்க. நான் தின்னவேலிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போறேன். சாமியாருக்கு எதுக்குப் பொண்டாட்டி?"

தை 24

தைப்பூசம். பழனி போகவில்லை. மாலையைக் கழற்றி முருகன் படத்தில் மாட்டி, மன்னிப்புக் கேட்டேன். பார்வதியை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். கதையை நடுவில் வேறெங்கும் திருப்பவில்லை. என் ஆயுசில் முதல் தடவை.

"எம்மேல என்ன கொறையோன்னு ஒரு வருசமா கண்ணாடியப் பாத்து அழுதேன். இத முன்னாலயே சொல்லப்பிடாதா?" முதுகில் ஒரு அடி. நல்ல அடி.

பிறகு கழுத்தில் விரல் வைத்தாள். "எங்கன இருக்கு?"

எச்சில் விழுங்கினேன். அவள் விரலுக்கடியில் என்னமோ ஏறி இறங்கியது.

"ஏ ஆத்தாடி. இத்தினூண்டா இம்புட்டுப் பாடு படுத்திச்சு?"

துணியெல்லாம் மறுபடி கொடியில்.

மாசி 20

பஸ்ஸில் வேர்த்தது. துடைக்க மனசில்லாமல் அப்படியே நின்றேன். மாத்திரை இப்போது முழுசு. மற்றது இன்னும் ஒன்றுமில்லை. பார்வதி கேட்பதில்லை. தண்ணீரும் மாத்திரையும் மட்டும் நீட்டுகிறாள்.

பங்குனி 28

விடியக்காலை. புழுக்கம். கண் விழித்தேன், எனக்கு முன்பே உடம்பு விழித்திருந்தது. ஒன்றேகால் வருஷமாகக் காணாமல் போன ஆள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற மாதிரி. அசையவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன், பயந்து ஓடிவிடுமோ என்று. கடுகளவு மாத்திரை! சாமியே!

"பார்வதி" என்று கூப்பிட்டேன். குரல் கணீரென்று வந்தது.

பதில் இல்லை. பால் டிப்போ வரிசையில் நிற்கிறாள்.