சிவப்புக் கோட்டில் வந்த தங்கச்சி

இல்லை உம்மா, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகவில்லை. போகவும் மாட்டேன். என் தங்கமான உம்மா, கபுறுக் குழிக்குள் இருந்தும் அதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் சலாம் சொல்லும் முன்பே பதிலைச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஃபரீதாவுக்குக் கலேவெலயில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. அவளுடைய வாப்பா மௌத்தாகிவிட்டார், அண்ணன் தம்பியும் இல்லை. மாத்தளையிலிருந்து யார் கூட்டிப்போவது? நான் போகிறேன் என்றேன். அவள் உம்மா ஹலீமா மாமி பாய்ந்துவிட்டார்.

“குமர்ப் புள்ளய அந்நிய ஆம்பளயோட பஸ்ஸுல அனுப்புறதா?”

உங்கள் ராத்தா, நம் பெரியும்மா, வெற்றிலையை மென்றபடி சொன்னார்: “அவன் என்ன அந்நியம்? நீ டைபாய்டுல நெனவில்லாமக் கெடந்தப்போ ஒம் புள்ளக்கி நாப்பது நாள் பால் கொடுத்தது யாரு? இவனோட சேத்து, என் தங்கச்சிதான். ஒரே பால் குடிச்சா கூடப்பொறப்புத்தானே.”

“ஆட்டுப்பால்னுல்ல சொன்னாங்க!”

“ஒன் மனசு நோகும்னு அவதான் அப்பிடிச் சொல்லச் சொன்னா.”

ஏன் உம்மா மறைத்தீர்கள்? யாராவது எங்களுக்குக் கல்யாணம் பேசியிருந்தால்? பேசியிருந்தால் நான் மாட்டேன் என்றிருக்க மாட்டேன். அதை உங்களிடம்தான் சொல்லலாம்.

பள்ளிவாசல் லெப்பை சொன்னால்தான் நம்புவேன் என்றார் மாமி. கலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு குடும்பத்தையும் வரைந்து, பெரியும்மாவையும் கூட்டிக்கொண்டு எடுத்துப்போனேன். ரத்த உறவுக்குக் கறுப்புப் பென்சில், பாலுக்குச் சிவப்பு. உங்கள் பெயரிலிருந்து மாமி வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் சிவப்பு இழுத்திருந்தேன். லெப்பைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏன் மகன், அந்த ஊடு முழுக்கவா ஒங்கும்மாட்ட பால் குடிச்சிச்சு? குடிச்சவளுக்கு மட்டும் போடு. இந்தப் பக்கம் ஒன் வாப்பா அவளுக்கும் வாப்பா, நீ அவளுக்கு நானா, கூடப்பொறந்த அண்ணன் மாதிரி. கல்யாணம்தான் கூடாது. தொண போலாம்.” பிறகு பெரியும்மாவிடம், “எத்தன தரம் கொடுத்தாங்க? அஞ்சு தரமாவது கொடுத்திருக்கணும்.”

“புள்ள அழுவுறப்போ எண்ணிக்கிட்டா இருப்பாங்க?”

தப்பான கோடுகளை அழித்தேன். மாமி போனார், மாமியின் தங்கச்சிமார் போனார்கள். ஒரே ஒரு சிவப்புக் கோடு மிஞ்சியது. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளை மடித்துக்கொண்டு வரும்போது விசில் அடித்துக்கொண்டுதான் வந்தேன்.

மாமி தாளை வாங்கி, உங்கள் பெயரை விரலால் தடவினார். பிறகு, “பெட்டிய நீயே தூக்கிக்க. வழியில அவகிட்ட சண்ட புடிக்காத” என்றார்.

லீவுக்கு அவள் வரும்போதெல்லாம் நானே கூட்டிவருவேன். அவளுக்கு மாப்பிள்ளை வந்தாலும் முதலில் என்னைத்தான் பார்க்க வேண்டும். இது உங்களுக்கு என் வாக்கு.

இன்னும் நிறைய இருக்கிறது உம்மா, ஆனால் வாசலில் கத்துகிறாள். நேற்றுவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

“நானா! பஸ் வருது!”

நான் போக வேண்டும்.

உங்கள் மகன்,
ஃபரீதாவின் நானா