எண்ணாமல் விட்ட கை

அண்ணை,

நேற்று இங்கே சுவிஸில், ஓல்டன் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம். தலைவர் கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். திடுக்கிட்டு விழித்தால் எல்லோரும் கை உயர்த்தியிருக்கிறார்கள். நானும் அவசரமாக உயர்த்தினேன். சபை சிரித்தது. இனி எந்தத் தலைவரும் நாலு வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற தீர்மானமாம். பதினாறு வருடத் தலைவர் தன் கதிரையைத் தானே தள்ளிவிட்டார்.

"இப்பவெண்டாலும் விட்டீங்களே, அப்பா," என்றாள் செயலாளராக இருக்கும் என் மகள். கூட்டக்குறிப்பில் அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'ஏகமனதாக.' அந்தச் சொல்லைக் கண்டதும் உங்கள் முகம் வந்து முன்னால் நின்றது.

அந்த நாளில் சோலோதுர்னிலிருந்து நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் ரயிலில் நான் இலவசப் பேப்பரில் கால்பந்து பார்ப்பேன், நீங்கள் சீனாவைப் படிப்பீர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குச் சீனா என்றால் உடுப்பின் கழுத்தில் தைத்திருக்கும் 'மேட் இன் சைனா' துண்டுதான்.

"சீனக் கட்சிக்காரருக்குத் தங்கட நோய் தெரியும் தம்பி," என்பீர்கள். "ஊழல் கட்சியையே திண்டுபோடும் எண்டு அவையே மேடையிலை சொல்லுகினம். லேசான சீர்திருத்தம் முடிஞ்சுதாம், நோகிறதுதான் மிச்சமாம். ஆனா கதிரையிலை இருக்கிறவன் தனக்கு நோகிற இடத்தைத் தொடுவானோ?"

அங்கே நாட்டுத் தலைவருக்கு இருந்த பதவிக்கால எல்லையை எடுத்துவிட்ட செய்தி வந்த அன்று, ஓல்டன் வரும்வரை நீங்கள் அதையே திரும்பத் திரும்பப் படித்தீர்கள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, எங்கள் சங்கத்துக்கு நாலு வருட எல்லை வேண்டும் என்றீர்கள்.

"சீன மந்திரி கதைக்கிறார், வடிவாக் கேளுங்கோ!" என்றேன் நான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானே தொடர்ந்து தலைவராக இருக்கச் சம்மதமா என்று கேட்டேன். கைகள் எழுந்தன. எதிர்ப்பவர்கள்? பின்வரிசையில் உங்கள் கை மட்டும். அதை நேராகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அப்போதைய செயலாளரிடம், "ஏகமனதாக எண்டு எழுதும்," என்றேன்.

குறிப்பு தபாலில் வந்த பிறகு ரயில் நிலையத்தில் கேட்டீர்கள்: "தம்பி, என்ர கை உமக்குத் தெரியேல்லையோ?"

"ஒரு கைதானே அண்ணை. எழுத்து வடிவா இருக்கட்டும் எண்டு விட்டனான்."

"சீனாவிலையே எதிர்த்து விழுந்த ஒண்டிரண்டு வாக்கை எண்ணிச் சொன்னவங்கள்," என்று சிரித்தீர்கள்.

கோபித்திருந்தால் நானும் கோபித்துத் தப்பியிருப்பேன். அதன்பிறகு நீங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. ரயிலில் எனக்கு இடம்பிடித்து வைப்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

உங்கள் இறுதிச் சடங்கில் சங்கத்தின் சார்பில் பேசியதும் நான்தான். "எல்லோரோடும் ஒத்துப்போன மனிதர்" என்றேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

நேற்றுக் கதிரைகளை அடுக்கும்போது மகள் கேட்டாள்: "இதை முன்னமும் ஆரோ கேட்டவராமே, ஆரப்பா? பழைய குறிப்பிலை ஒண்டுமில்லை."

"ஞாபகமில்லை பிள்ளை," என்றேன், கதிரையைத் தூக்கியபடி.

சொல்லாமல் வீடுவரை கொண்டுவந்தது இதுதான், அண்ணை: அன்று அது ஏகமனதில்லை. ஒரு கை எதிராக இருந்தது. நான் கண்டேன்.