தளிர் விட்ட கரை

மார்ச் 4

அன்புள்ள அப்பா,

ஆற்று வளைவில் கரை அரிக்காமல் காக்கும் வேலை எனக்கே கிடைத்துவிட்டது! கான்கிரீட் கிடையாது. உயிருள்ள வில்லோ மரக் கழிகளை நட்டு, குறுக்கே கொம்புகளைப் பின்னி வேலி போடுகிறோம். கழி வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கரைமேல் ஏழு வீடுகள் இருக்கின்றன, என்னை நம்பி. மிச்சக் கொம்பில் கூடை முடைகிறேன். துண்டுகளைச் சுட்டுக் கரியாக்கிப் படம் வரைகிறேன். உங்கள் கிரிக்கெட் மட்டையும் இந்த மர இனந்தான், தெரியுமா? ஒருமுறை வந்து பாருங்களேன்.

உங்கள் மகள்

ஜூன் 10

கண்ணு,

சுவர் கட்டியே வயசான மேஸ்திரியின் பொண்ணு குச்சி நட்டு ஆற்றை நிறுத்தப்போகிறாள் என்று இங்கே ஒரே கிண்டல். சிரிக்கட்டும். போன வாரம் வந்தேன், நீ வெளியூரில் இருந்தாய். வேலி முழுக்கத் தளிர், சீவாத தலை மாதிரி. பார்க்கிறவர்கள் உன்னை என்ன நினைப்பார்கள்? ஒன்று விடாமல் வெட்டி, நூல் பிடித்தாற்போல் ஆக்கிவிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்.

அப்பா

ஜூன் 15

அப்பா,

அந்தத் தளிர்தான் என் வேலையே. வெள்ளம் வரும்போது வளைந்து படுத்துக் கரையை மூடுவது அதுதான். பூசாத சுவரில் சாரத்தைப் பிரித்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? மழைக்காலத்துக்குள் மறுபடி முளைக்காவிட்டால் ஏழு வீடுகளுக்கும் நான் என்ன பதில் சொல்வேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மகள்

அக்டோபர் 21

அப்பா,

நான்கு மாதம் உங்களுக்கு எழுதவில்லை. கோபம்தான். வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு மூன்றாய்த் துளிர்த்தது; அதற்காக நீங்கள் செய்தது சரியாகிவிடாது. நேற்று வெள்ளம் வடிந்தது. ஒரு கூடை மண்கூடப் போகவில்லை. கர்வமாக இருக்கிறது, அப்பா. இதை வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் மகள்

அக்டோபர் 27

கண்ணு,

எனக்குத் தெரியும். வெள்ளத்தன்று பாலத்தில் கூட்டத்தோடு நின்றேன். உன் முகத்தில் விழிக்கக் கூச்சம். பக்கத்தில் ஒருவர், "யாருங்க இதைக் கட்டினது, கில்லாடியா இருப்பான் போல!" என்றார். "கட்டினது இல்லைங்க, வளர்த்தது. அவன் இல்லை, அவள். என் பொண்ணு!" என்றேன். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

இன்று ஒருத்தர் குளத்துக்குக் கான்கிரீட் கரை கேட்டு வந்தார். உன் விலாசத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வேலையை எடுத்தால், கழி நட ஆள் வேண்டியிருக்குமே?

இப்படிக்கு,
உன்னிடம் வேலை கேட்கும்
மேஸ்திரி